ஒரு மீட்டர் பத்து

சாமான் ஏற்றி இறக்குவது என் பிழைப்பு.
வீடு என்றால் எனக்கு முதலில் மாடிப்படி,
அப்புறம் அதன் திருப்பம்,
திருப்பத்தில் என் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே
மிஞ்சுகிற நான்கு விரல்.

1928, மார்ச். மைன் நதிக்கு வடக்கே,
போன வருடம்வரை பீட்ரூட் விளைந்த மேட்டில்
பதினோரு வரிசை வெள்ளைக் கட்டடங்கள்.
கூரையைச் சீவி எறிந்த மாதிரி தட்டை உச்சி.
எல்லாம் தெற்கு வடக்காக,
ஒன்றன் முதுகை ஒன்று பார்த்தபடி.
தெருவுக்கு விலாவை மட்டும் காட்டின.
முகவரி தேடி நானும் ஷோர்ஷும்
வண்டியோடு இரண்டு சுற்று சுற்றினோம்.

"சூரியனுக்காக" என்றான் அலுவலகத்துப் பையன்,
கழுத்துப் பட்டையில் மசிக்கறை.
காலையில் படுக்கையறை, மாலையில் கூடம்,
வரிசைக்கு வரிசை நிழல் அளந்து விட்ட இடைவெளி.
போர்க்காலத்து ரொட்டிச் சீட்டு போல
வெயிலுக்கும் பங்கீடு.
நாங்கள் பிறந்த சந்துகளில்
வெயில் ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம்தான்
எட்டிப்பார்க்கும்.
அதனால் நான் சிரிக்கவில்லை.

ஏழாம் வரிசை, இரண்டாம் மாடி, இடதுபக்கக் கதவு.
வால்பர்கா டிட்மார். புருஷன் எக்பெர்ட்
டிராம் பணிமனையில் பகல் ஷிப்ட்.
வண்டியில் கட்டில், தையல் மெஷின், இரண்டு பிள்ளைகள்,
ஒரு வால்நட் அலமாரி.
நெற்றியில் திராட்சைக் குலை செதுக்கிய அலமாரி.
அது ஒரு மீட்டர் முப்பத்திரண்டு.
படி ஒரு மீட்டர் பத்து.

நிமிர்த்திப் பார்த்தோம். சாய்த்துப் பார்த்தோம்.
காலைக் கழற்றினோம், கதவைக் கழற்றினோம்.
ஷோர்ஷ் தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை
முதல் திருப்பத்திலேயே செலவழித்துவிட்டான்.
புதுச் சுவரின் முதல் கீறல் எங்களுடையது.
பையன் மடக்குக் கோலால் அளந்தான், மறுபடி அளந்தான்.
"படி சரிதான், அம்மா. அலமாரிதான் தவறு."

"ஆறு வருடத் தவணை" என்றாள் அவள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
சமையலறைக்குள் போனாள்.
இருவர் நின்றால் ஒருவர் மூச்சை அடக்கவேண்டிய அறை.
பதினெட்டு அலுமினிய இழுப்பறைகள்,
ஒவ்வொன்றிலும் எழுத்துப் பொறித்து.
பதினெட்டையும் இழுத்துப் பார்த்தாள்.
"ஜவ்வரிசிக்கு ஒன்று. ஜவ்வரிசி யார் வாங்குகிறார்கள்?"
சுவர் நீலம். நீலத்தை ஈ அண்டாதாம்.
ஓர் ஈ அதில் உட்கார்ந்து
நிதானமாகக் கைகழுவிக்கொண்டிருந்தது.

ரம்பம் இருக்கிறதா என்று கேட்டது அவள்தான்.
புல்தரையில் வைத்து அறுத்தோம்.
முதல் இழுப்பை அவள் இழுத்தாள்.
கீழ்ப்பாதி மாடி ஏறியது.
மேல்பாதி, திராட்சையோடு,
தோட்டத் துண்டில் முயல்கூடாயிற்று.

கிளம்பும்போது கூப்பிட்டாள்.
சுவரில் ஒரு திருகு; திருகினால் சுடுநீர்.
அடுப்பில்லை, புகையில்லை, சுடுநீர்.
என் மணிக்கட்டுவரை ஒட்டியிருந்த மரத்தூள்
பழுப்பாகக் கரைந்து ஓடியது.
ஷோர்ஷ் இரண்டு முறை கழுவினான்.
கோபமாக இருக்க நினைத்தேன். முடியவில்லை.

1932, நவம்பர். பணிமனையில் ஆட்குறைப்பு,
ஐந்து மாத வாடகை பாக்கி.
அதே படி. இந்தத் தடவை கீழ்நோக்கி.
அரை அலமாரி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இறங்கியது.
காலியான படுக்கையறையில்
கணக்குப் பிசகாமல் வெயில் வந்து விழுந்திருந்தது.
என் பழைய கீறல்மேல் யாரோ வெள்ளை பூசியிருந்தார்கள்,
தடவினால் தெரியும்.

எங்கே என்றேன். தோட்டத்துக் குடிசைக்கு என்றாள்.
அங்கே முயல்களை வெளியே விட்டு
மேல்பாதியைக் கீழ்ப்பாதிமேல் தூக்கி வைத்தோம்.
சேரவில்லை. நாலு வருட மழையில்
ஒன்று ஒரு விரல் உப்பியிருந்தது.
அவள் இடுக்கில் செய்தித்தாளைத் திணித்தாள்.

கூலிக்குக் காசில்லை. ஒரு முயல் தந்தாள்.
வீடுவரை அது என் கோட்டுக்குள்
பொத்தானைக் கடித்துக்கொண்டே வந்தது.